அக்கவுண்ட்ஸ் வேலை தேடுபவர்களுக்கு: வேலைத்தளத்தையும் தெரிந்தவர்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை

பி.காம். முடித்தவர்கள், ஆடிட்டர் ஆபீஸில் ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போக நினைப்பவர்கள், சென்னை, கோவை, திருப்பூர் பக்கம் புதிதாக வந்து இறங்கியவர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. நௌக்ரி என்ற வேலைத்தளத்தில் ஒரு நாளைக்கு நாற்பது வேலைக்கு ‘அப்ளை’ அழுத்திவிட்டு போனையே பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தளத்தின் பக்கமே போகாமல், பார்க்கிறவர்களிடமெல்லாம் “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்று சொல்லிவைத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் நேரம்தான் போகும். எங்கே இடம் காலி என்பதைத் தளம் காட்டும். உங்கள் ரெஸ்யூமை ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் உள்ளே ஓர் ஆள் வேண்டும். இந்த இரண்டில் எதை முதலில் செய்வது என்பதில்தான் பலருக்குச் சறுக்குகிறது. நேரமில்லாதவர்கள் 6-ஆம் படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

1. முதலில் காகிதங்கள்

தளத்தில் கணக்குத் தொடங்கும் முன்பே இவற்றை ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், பான் கார்டு, ஆதார், பழைய வேலையின் ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு. பிஎஃப் இருந்தால் 12 இலக்க யுஏஎன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் இப்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள். வேலையில் சேரும் வாரத்தில் இதைச் செய்ய முடியாது.

ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர்களுக்கு வேறொரு சிக்கல். சம்பளம் கையில் கொடுத்திருப்பார்கள், சீட்டே இருக்காது. அங்கிருந்து கிளம்பும் முன் ஆடிட்டரின் லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை ஆகிய மூன்றும் வரும்படி ஓர் அனுபவச் சான்று வாங்கிவிடுங்கள். சம்பளம் வங்கியில் வந்திருந்தால் ஆறு மாத ஸ்டேட்மென்ட் போதும். அனுபவம் கூடுதலாகத் தெரியட்டும் என்று தேதியை நீட்டிப் போடாதீர்கள். பிஎஃப் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் அப்படியே நிற்கும். ஆஃபர் கொடுத்த பிறகும் அதை வைத்து வேலையை ரத்து செய்வார்கள்.

ஆதாரை ரெஸ்யூமோடு அனுப்பவே வேண்டாம். கட்டாயம் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ‘மாஸ்க்டு ஆதார்’ இருக்கிறது. ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

2. ரெஸ்யூம்: இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்

பிரவுசிங் சென்டரில் போட்டுத்தரும் ரெஸ்யூமில் தந்தை பெயர், மதம், பொழுதுபோக்கு, கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி எல்லாம் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். அந்த இடத்தில் எண்கள் வரட்டும். ‘ஜிஎஸ்டி வேலை பார்த்தேன்’ என்பதில் ஒன்றும் தெரியவில்லை. எத்தனை ஜிஎஸ்டி பதிவுகளுக்கு ரிட்டர்ன் போட்டீர்கள், மாதத்துக்கு எத்தனை சேல்ஸ் பில் என்ட்ரி, எத்தனை வங்கிக் கணக்குக்கு ரீகன்சிலியேஷன் (வங்கி ஸ்டேட்மென்டோடு கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது), டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) காலாண்டு ரிட்டர்ன் நீங்களே போட்டீர்களா அல்லது விவரம் எடுத்துக் கொடுத்தீர்களா என்று எழுதுங்கள். நேர்காணலில் முதல் கேள்வியே இதிலிருந்துதான் வரும். ஆகவே செய்யாததை எழுத வேண்டாம்.

ஃபைலை வேர்டில் தயாரித்து பிடிஎஃப் ஆக்குங்கள். போனில் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கினால் தளத்தின் தேடலுக்கு அது வெறும் படம். உள்ளே ஓர் எழுத்தைக்கூட அது படிக்காது. ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் ‘அக்கவுண்ட்ஸ்’ என்பதும் இருக்கட்டும். ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2’ என்று வந்தால் ஹெச்.ஆர். கம்ப்யூட்டரில் அது தொலைந்துவிடும்.

3. எந்தத் தளம், எப்படி நிரப்புவது

பெரிய, நடுத்தர கம்பெனிகளுக்கு நௌக்ரியும் லிங்க்ட்இன்னும். சின்ன கம்பெனி, கடை, ஏற்றுமதி யூனிட் என்றால் இன்டீட், அப்னா. இவற்றோடு தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும், மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும் பதிந்துவையுங்கள். இரண்டும் இலவசம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு என்பது தனி. அது அரசு வேலைக்கானது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதே என்று தனியார் இணையத்தை விட்டுவிடாதீர்கள்.

எந்தத் தளத்திலும் வேலை தேடுபவர் காசு கட்டத் தேவையில்லை. ‘உங்கள் ப்ரொஃபைலை மேலே கொண்டுவருகிறோம்’ என்று கட்டணச் சேவை விற்க போன் வரும். வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அதே பலன் இலவசமாகவே கிடைக்கும். ஆள் தேடும் ஹெச்.ஆர்., ‘அண்மையில் உள்ளே வந்தவர்கள்’ என்று வடிகட்டித்தான் பார்ப்பார். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உள்ளே போய் ஒரு வரியைத் திருத்திச் சேமித்தாலே நீங்கள் அந்த வடிகட்டிக்குள் இருப்பீர்கள்.

நௌக்ரியில் ரெஸ்யூம் ஹெட்லைன் என்று ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலும் அங்கே ‘கடின உழைப்பாளி, வளரும் நிறுவனத்தில் பணியாற்ற விருப்பம்’ என்று இருக்கும். இப்படித் தேடுகிற ஹெச்.ஆர். யாரும் இல்லை. அவர் தட்டுவது ‘டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ், கோயம்புத்தூர்’ (டேலி என்பது கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்). அந்த வரியை இப்படி மாற்றுங்கள் (தளத்தில் ஆங்கிலத்தில் இருக்கட்டும்):

‘அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ், 2 வருட அனுபவம், டேலி ப்ரைம், ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி, டிடிஎஸ், பேங்க் ரீகன்சிலியேஷன், கோயம்புத்தூர், 15 நாளில் சேரலாம்’

ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவர ரிட்டர்ன், 3பி என்பது வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன். டேலி ப்ரைம் என்றும் டேலி ஈஆர்பி 9 என்றும் இரண்டையும் திறன் பகுதியில் போடுங்கள். பழைய பெயரில் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நோட்டீஸ் பீரியட் (பழைய வேலையிலிருந்து விடுபட ஆகும் நாட்கள்) கட்டத்தை வெற்றாக விடாதீர்கள். அக்கவுண்ட்ஸில் ஆள் திடீரென்று விலகிப்போன இடத்துக்குத்தான் அவசரமாக ஆள் தேடுவார்கள். ‘15 நாள் அல்லது குறைவு’ என்பவர்களுக்கு முதலில் போன் போகும்.

இப்போது வேலையில் இருப்பவர்கள், நௌக்ரியில் உங்கள் கம்பெனிக்கு ப்ரொஃபைல் தெரியாதபடி மறைக்கும் வசதியை முதல் நாளே போடுங்கள். லிங்க்ட்இன்னில் ‘ஓபன் டு வொர்க்’ என்பதை ஹெச்.ஆர்.களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டால் உங்கள் மேனேஜர் உட்பட எல்லோருக்கும் தெரியும். மறைத்து வைத்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது என்று அந்தத் தளமே சொல்கிறது.

4. ஒரு ஷீட் தொடங்குங்கள்

கூகுள் ஷீட்டில் இவை போதும்: கம்பெனி, பதவி, ஜாப் ஐடி (விளம்பரத்தில் உள்ள அந்த வேலையின் எண்), எங்கே பார்த்தது, பார்த்த தேதி, உள்ளே தெரிந்தவர், அவருக்கு எழுதிய தேதி, அப்ளை செய்த தேதி, அடுத்து செய்ய வேண்டியது. தளத்தில் ஒரு வேலையைப் பார்த்ததும் அப்ளை அழுத்தாமல் இங்கே ஒரு வரி போடுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து வரி தாராளம். கேட்கும் அனுபவத்தில் முக்கால்வாசி உங்களிடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரான ‘எஸ்ஏபி கட்டாயம்’ என்று போட்டிருந்து உங்களுக்கு டேலி மட்டும் தெரியும் என்றால் விட்டுவிடுங்கள்.

5. ஆளைக் கண்டுபிடிப்பது

“எனக்கு யாரையும் தெரியாதே” என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. அக்கவுண்ட்ஸ் துறையில் அது பெரும்பாலும் உண்மையில்லை. இவர்களை யோசித்துப் பாருங்கள்.

முதல் ஆள் ஆடிட்டர். ஒரு நடுத்தர ஆடிட்டர் ஆபீஸுக்குப் பத்துப் பதினைந்திலிருந்து நூறு கிளையன்ட் வரை இருக்கும். எந்த கம்பெனியில் அக்கவுண்டன்ட் விலகினார், எங்கே கணக்கு மூன்று மாதமாகத் தேங்கிக் கிடக்கிறது என்பது முதலாளிக்கு அடுத்து ஆடிட்டருக்குத்தான் தெரியும். விளம்பரம் வரும் முன்பே “நல்ல பையனா, பொண்ணா இருந்தா சொல்லுங்க சார்” என்று முதலாளி அவரிடம்தான் கேட்பார். ஆடிட்டரை நேரடியாக அணுக முடியாவிட்டால் அங்கே ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சி.ஏ. படிப்புக்கான பயிற்சியில்) இருப்பவர்களும் சீனியர் அசிஸ்டென்ட்களும் இருக்கிறார்கள். அவர்கள்தான் கிளையன்ட் ஆபீஸ்களுக்கு நேரில் போய் வருபவர்கள்.

அடுத்து டேலி விற்று சர்வீஸ் செய்யும் பார்ட்னர்கள். லைசென்ஸ் புதுப்பிக்க, டேட்டா சரிசெய்ய என்று வாரம் முழுவதும் பல ஆபீஸ்களுக்குப் போகிறவர்கள். இவர்களிடம் ரெஸ்யூம் கொடுத்து வைப்பவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது, நீங்கள் தினமும் போனில் பேசுகிறவர்கள். லெட்ஜர் கன்ஃபர்மேஷன், பேமென்ட் ஃபாலோ-அப், டெபிட் நோட் என்று சப்ளையர் பக்கத்திலும் கஸ்டமர் பக்கத்திலும் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் உங்கள் வேலைச் சுத்தத்தை நேரில் பார்த்தவர்கள். உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல இவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் இங்கே கவனம் தேவை. அவர்கள் உங்கள் முதலாளிக்கும் தெரிந்தவர்கள். வாய்விட்டுக் கேட்கும் முன் அவர் எப்படிப்பட்டவர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வேண்டாம், போனில் பேசுங்கள்.

கல்லூரி சீனியர்கள் இருக்கவே இருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் கம்பெனிப் பக்கத்துக்குப் போய், அங்கே பணிபுரிபவர்கள் பட்டியலை உங்கள் கல்லூரிப் பெயரால் வடிகட்டினால் வந்துவிடுவார்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையங்களில், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். அங்கே வேலை கிடைக்காவிட்டாலும் ஹெச்.ஆர்.கள் நேரில் கிடைப்பார்கள். ரெஸ்யூம் பத்து பிரதி, பாஸ்போர்ட் அளவு போட்டோ, சான்றிதழ் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். ‘உங்கள் கம்பெனியில் அக்கவுண்ட்ஸுக்கு எப்போது ஆள் எடுப்பீர்கள், யாருக்கு அனுப்பலாம்’ என்று கேட்டு மெயில் ஐடியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

6. வரிசை: முதலில் ஆள், பிறகு அப்ளை

பெரிய கம்பெனிகளில் ரெஃபரல் என்பது வெறும் சிபாரிசு வார்த்தை இல்லை. அங்கே வேலை பார்ப்பவர் கம்பெனியின் உள் தளத்தில் ஜாப் ஐடியைப் போட்டு, உங்கள் பெயர், மெயில், போன் எண், ரெஸ்யூம் ஆகியவற்றை ஏற்றுவார். பிறகு உங்கள் மெயிலுக்கு ஒரு லிங்க் வரும். அதன் வழியாக நீங்கள் விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் அவர் பெயரோடு ஹெச்.ஆர். மேஜைக்குப் போகும்.

இதில்தான் பொறி இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே அந்தக் கம்பெனியின் கேரியர்ஸ் பக்கத்தில் அதே மெயில் ஐடியில் அப்ளை செய்திருந்தாலோ, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏதாவது கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமை அங்கே கொடுத்திருந்தாலோ, உள் தளம் ‘இவர் ஏற்கெனவே இருக்கிறார்’ என்று காட்டும். ரெஃபரல் ஏறாது. பல கம்பெனிகளில் சில மாதங்களுக்கு அந்தப் பழைய பதிவுதான் செல்லும். வேறு மெயில் ஐடி போட்டு ஏமாற்றப் பார்க்க வேண்டாம். போன் எண்ணிலும் பான் எண்ணிலும் மாட்டும், ரெஃபர் செய்தவருக்கும் கெட்ட பெயர்.

ஆகவே ஒரு காலியிடத்தைப் பார்த்தால் இப்படிச் செய்யுங்கள். ஜாப் ஐடியைக் குறியுங்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று தேடி அன்றே எழுதுங்கள். மூன்று வேலை நாள் பொறுங்கள். பதில் இல்லை என்றால் இன்னும் ஒருவருக்கு எழுதி இரண்டு நாள் பாருங்கள். அதற்கு மேல் காக்க வேண்டாம், நேராக அப்ளை செய்துவிடுங்கள். விளம்பரம் வந்து இரண்டு வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஆளை முடிவுசெய்யும் கட்டத்துக்குப் போயிருப்பார்கள்.

கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தால் முதலில் “எந்தக் கம்பெனி?” என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் ரெஸ்யூமை அனுப்பச் சொன்னால், ‘என் அனுமதி இல்லாமல் எந்தக் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டாம்’ என்று மெயிலில் எழுதியே அனுப்புங்கள்.

இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடங்களில் இந்த உள் தளம் எதுவும் கிடையாது. திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, குறிச்சி சிட்கோவில் ஒரு யூனிட்டிலோ வாசலில் ‘அக்கவுண்டன்ட் தேவை’ என்று போர்டு தொங்கினால் நேராக உள்ளே போகலாம். அப்போதும் “உங்க ஆடிட்டர் ஆபீஸ்ல இன்னாரைக் கேட்டுப் பாருங்க சார்” என்று சொல்ல ஒரு பெயர் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

7. என்ன எழுதுவது, எப்போது எழுதுவது

லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் அழைப்போடு குறிப்பு சேர்க்க மாதத்துக்குச் சில முறைதான் விடும், அதுவும் 200 எழுத்துக்குள். அதை முக்கியமான ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பை ஏற்ற பிறகு நீளமாக எழுதலாம். கல்லூரி சீனியருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவதாக இருந்தால் இப்படி:

“அக்கா வணக்கம். நம்ம காலேஜ் பி.காம்., 2022 பேட்ச். ரெண்டு வருஷமா ஆடிட்டர் ஆபீஸ்ல 12 கிளையன்ட்டுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் பார்க்கிறேன். உங்க கம்பெனியில ‘எக்ஸிகியூட்டிவ், அக்கவுண்ட்ஸ் பேயபிள்’ இடம் இருக்குன்னு நௌக்ரியில பார்த்தேன், ஜாப் ஐடி கீழே இருக்கு. இன்னும் அப்ளை பண்ணலை. ரெஃபர் பண்ண முடியுமாக்கா? முடியலைன்னாலும் பரவாயில்லை, அந்த டீம் எப்படின்னு ஒரு அஞ்சு நிமிஷம் பேசினா போதும். ரெஸ்யூம் அனுப்பியிருக்கேன்.”

யார், என்ன தெரியும், எந்த இடம், என்ன உதவி என்று எல்லாம் இதில் இருக்கிறது. ‘இன்னும் அப்ளை பண்ணலை’ என்ற வரியை விடாதீர்கள். ரெஃபர் செய்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். வெறும் ‘ஹாய்’ போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும், ‘ஏதாவது ஓப்பனிங் இருக்கா’ என்பதும் எதிராளிக்கு வேலை வைக்கும். பதில் வராது.

நேரமும் முக்கியம். அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு மாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. அந்த நாட்களிலும் அதற்கு முந்தைய நாளிலும் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். 22 முதல் 28 வரை நல்ல நாட்கள். செப்டம்பர் கடைசி வாரம் டாக்ஸ் ஆடிட்டுக்காக ஆடிட்டர் ஆபீஸ் தூங்காது. அப்போது போன் அடித்தால் எடுக்கக்கூட மாட்டார்கள்.

இடங்கள் அதிகம் காலியாவது தீபாவளி போனஸ் வாங்கியதும், ஏப்ரல், மே மாதத்தில் கணக்கு முடிந்து இன்கிரிமென்ட் வந்த பிறகும். அந்தச் சமயத்துக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் பெயர் நாலு பேர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆடியில் சேர வேண்டாம் என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு. ஜூலையில் முடிவாகி ‘ஆவணி பிறந்ததும் வாங்க’ என்றால் பயப்படாதீர்கள். தேதியை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரெஃபர் செய்தவரை ஒரு வாரம் கழித்து ஒருமுறை கேட்கலாம், பிறகு பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அதோடு போதும்.

8. கம்பெனியை நீங்களும் சரிபாருங்கள்

பதிவுக் கட்டணம், டிரெய்னிங் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மெயிலில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வருவது கம்பெனியின் சொந்த முகவரிதானா, ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

அசல் சான்றிதழ்களை ‘செக்யூரிட்டிக்கு’ என்று கேட்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். விட்டுவிட்டு வந்தால் விலகும்போது மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கம்பெனியின் ஜிஎஸ்டி எண் அவர்கள் பில்லிலேயே இருக்கும், 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி போர்ட்டலில் லாகின் இல்லாமலேயே அதைப் போட்டுத் தேடினால் பதிவு உயிரோடு இருக்கிறதா, கடைசியாக எந்த மாத ரிட்டர்ன் எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது வரை வரும். மூன்று நான்கு மாதம் 3பி போடாமல் கிடந்தால் பணப்புழக்கம் சரியில்லை என்று சந்தேகப்படலாம். அங்கே சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று உள்ளே இருப்பவரிடம் நேராகவே கேளுங்கள். தேங்கிய கணக்கு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

9. சம்பளம் பேசும்போது

‘சிடிசி’ என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, கையில் வரும் பணம் இல்லை. மாதம் 25,000 ரூபாய் சிடிசி, அதில் பாதி அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 12,500-க்கு 12 சதவீதம் கம்பெனியின் பிஎஃப் பங்கு 1,500. விலகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 600. இரண்டும் போக மொத்தச் சம்பளம் 22,900. அதில் உங்கள் பிஎஃப் பங்கு 1,500 கழிந்து கையில் சுமார் 21,400. இன்சூரன்ஸ், தொழில் வரி இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே “கையில் எவ்வளவு வரும்?” என்று கேட்டு, சம்பளப் பிரிவுத் தாளை ஆஃபரோடு சேர்த்து வாங்குங்கள். பாண்ட் (குறிப்பிட்ட காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். மெயிலில் ஆஃபர் லெட்டர் வரும் முன் பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.

10. சேர்ந்த பிறகு

நௌக்ரி ப்ரொஃபைலை மறைத்துவிட்டு, ஷீட்டில் மீதி இருக்கும் கம்பெனிகளுக்கு ‘வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். உங்களுக்காகப் பேசியவர்களிடம், அவர்கள் வழியாக வேலை கிடைக்காவிட்டாலும், சேர்ந்த தேதியைச் சொல்லுங்கள். ரெஃபரலில் சேர்ந்திருந்தால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: பல கம்பெனிகளில் ரெஃபர் செய்தவருக்கு ஒரு தொகை உண்டு, நீங்கள் மூன்று மாதமாவது முடித்தால்தான் அது அவர் கைக்கு வரும். வேலை பிடிக்காமல் முன்பே விலக நினைத்தால் ஹெச்.ஆரிடம் போகும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.